கக்கூசும் கிணறும்: கேட்டவைக்குப் பதில்கள்

யாழ்ப்பாணத்தில 28 வருசமா மேசன் வேலையும் பைப் வேலையும் செய்யிறன். கக்கூசு சம்பந்தமா என்னெண்டாலும் கேளுங்கோ எண்டு சொன்னன். வாடகைக்கு இருக்கிறவையும் கேட்டிருக்கினம், வீட்டுக்காரரும் கேட்டிருக்கினம்.

திருநெல்வேலி, வாடகை: அண்ணை, சிஸ்ரேனில இரவிரவாத் தண்ணி ஓடுது. வீட்டுக்காரர் எங்களைத் திருத்தச் சொல்லுறார்.

தம்பி, முதல்ல மூடியைத் திறந்து பாருங்கோ. தண்ணி ஓவர்புளோ குழாயின்ர வாய்க்கு வந்து வழிஞ்சால் மிதவையைக் கொஞ்சம் இறக்கினாக் காணும். மட்டம் கீழதான் நிக்குதெண்டால், உடுப்புக்குப் போடுற நீலத்தில கொஞ்சம் கலந்து அரை மணித்தியாலம் விடுங்கோ. கக்கூசுப் பேசினுக்குள்ள நீலம் இறங்கினால் அடி வோசர் தேஞ்சு போச்சு.

வீட்டைக் குடியிருக்கத் தக்கதா வைச்சிருக்கிறது, எங்கட ரோமன் டச்சுச் சட்டப்படி வீட்டுக்காரற்ற பொறுப்பு. பழசாகித் தேஞ்சதும் வெடிச்சதும் அவற்ற செலவு. நீங்கள் துணியோ பாம்பேர்ஸோ போட்டு அடைச்சால் உங்கட செலவு. ஒப்பந்தத்தில வேறமாதிரிக் கையெழுத்து வைச்சனீங்களோ எண்டும் வாசிச்சுப் பாருங்கோ.

கொக்குவில்: பாத்ரூமுக்கு எந்த நிற ரைல்ஸ் நல்லம்?

கடையில கேளுங்கோ. வழுக்காததா எடுங்கோ.

கோண்டாவில், சொந்த வீடு: மார்கழியில கக்கூசு இழுக்குதில்லை. பவுசர் பிடிச்சு இறைச்சம், ரெண்டு நாளில குழி திரும்ப நிரம்பிட்டுது.

தங்கச்சி, அது நிலத்தடித் தண்ணி. மாரியில உங்கட கிணத்தில தண்ணி எவ்வளவுக்கு ஏறுதோ, அடி பூசாத குழியிலயும் அவ்வளவுக்கு ஏறும். அப்ப குழித்தண்ணி எங்க போகுதெண்டு யோசியுங்கோ. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லு வெடிப்புக்குள்ளால இறங்கித்தான் கிணத்துக்கு வருது. நிலாவரைக் கிணத்தைப் பாத்திருப்பியள், அந்தக் கல்லுத்தான் உங்கட வளவுக்குக் கீழயும் கிடக்கு. மணல் நிலமெண்டால் தண்ணி மெதுவா வடிகட்டுப்பட்டுப் போகும். கல்லு வெடிப்பு பைப் மாதிரி, ஒண்டையும் வடிகட்டாது.

மாரி முடிய, அடியும் சுவரும் பூசின ரெண்டு அறைத் தாங்கி கட்டுங்கோ. முதல் அறை பெரிசா இருக்கட்டும். வெளிய வாற தண்ணியைக் கிடங்குக்குள்ள விடாமல், நிலத்துக்கு மேல மண் உயர்த்திப் பாத்தி போட்டு விடுங்கோ. காத்துக்குழாய்க்கு நுளம்பு வலை கட்டாயம். பிளாஸ்ரிக் தாங்கி வைச்சால் மாரியில வெறுமையாக்காதேங்கோ, கிளம்பி மேல வந்திடும். ஆரும் குழிக்குள்ள இறங்கக்கூடாது.

மானிப்பாய்: கிணத்துக்கும் குழிக்கும் எத்தினை அடி விடவேணும்?

50 அடி எண்டு பொதுவாச் சொல்லுவினம். எங்கட கல்லில அதை மட்டும் நம்பேலாது. தாங்கியின்ர அடியைப் பூசுங்கோ.

உரும்பிராய்: எத்தினை அடி?

மேல சொல்லியிருக்கு.

இணுவில்: தம்பி, எங்கட ஐயா காலத்திலயும் கிணத்தடிக்குக் கிட்டத்தான் கக்கூசு. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லையே?

ஐயா, அது வாளிக் கக்கூசோ? வாளியை வெளியில கொண்டுபோய்க் கொட்டினவை. அந்த வேலையைச் சில மனிசரின்ர தலையில கட்டி வைச்சிருந்தம், அது திரும்ப வரவே கூடாது. ஆனா நிலத்துக்குள்ள போன தண்ணி கொஞ்சம். துலாவால அள்ளித்தான் எல்லாம். இப்ப மோட்டர் இறைக்குது, ஒருக்கா அடிச்சால் 6 லீற்றர், 9 லீற்றர் போகுது. ரெண்டு பரப்புக் காணியைத் துண்டாடி மூண்டு வீடு, மூண்டு கிணறு, மூண்டு குழி. ஐயா காலத்து வளவும் இதுவும் ஒண்டில்லை.

திரும்பவும் இணுவில்: கொதிக்க வைச்சுக் குடிச்சால் சரிதானே?

கிருமி சாகும், குழியால கிணத்துக்கு வாற நைத்திரேற்று எண்ட உப்பு சாகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் செறியும். குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கூடினால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையளுக்குத்தான் முதல் ஆபத்து. அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தால் இரத்தத்துக்கு ஒட்சிசன் காவ ஏலாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். தண்ணியைச் சோதிக்காமல் மா கரைக்காதேங்கோ, கையெடுத்துக் கேக்கிறன்.

நீர்வேலி: தோட்டத்துக்கு யூரியா கொட்டுறதை விட்டிட்டு ஏன் கக்கூசைப் பிடிக்கிறியள்?

தோட்டப் பக்கத்தில உரம்தான் பெரிய காரணம், மறுக்கேல்லை. நெருக்கமா வீடிருக்கிற ரவுணுக்குள்ள குழியள். ரெண்டும் ஒரே தண்ணிக்குள்ளதான் இறங்குது. நீங்கள் உரத்தைக் குறையுங்கோ, நான் குழியின்ர அடியைப் பூசுறன்.

நல்லூர், வாடகை: வீட்டுக்காரர் லண்டனில. தாங்கி வழியுது, பதிலில்லை.

அவருக்குப் பதிலா வீட்டுக் காரியம் பாக்க அற்றோணித் தத்துவம் வைச்சிருக்கிறவருக்குப் படத்தோட எழுத்தில குடுங்கோ, பிரதி வைச்சிருங்கோ. முற்றத்தில வழிஞ்சால் பொறுத்திருக்க வேண்டாம், உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லுங்கோ.

சாவகச்சேரி: 30 அடி காணுமோ?

அடியைப் பூசினீங்களோ எண்டுதான் கேப்பன்.

அரியாலை: தாங்கிக்குள்ள பைப் உடைஞ்சிட்டுது. ஒருத்தர் இறங்கிக் கட்டித் தாறன் எண்டுறார், விடலாமோ?

விடாதேங்கோ. அதுக்குள்ள ஐதரசன் சல்பைட் எண்ட நச்சு வாயு நிக்கும். கூழ்முட்டை மணம் வரும், கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது. ஆள் விழுவார், தூக்க இறங்கிறவரும் விழுவார். மெழுகுதிரி கொளுத்திப் பாக்கிறதும் வேண்டாம், உள்ள நிக்கிற மீதேன் வாயு பத்தும். பவுசரால இறைச்சு, மூடியைக் கழட்டி, உடைஞ்ச துண்டை மேல நிண்டு வெட்டி எடுக்கலாம். முடியாட்டி அந்தப் பக்கச் சுவரை வெளியால கிண்டித் திறந்து கட்டுங்கோ. செலவு கூடத்தான். அந்த மனிசன்ர நம்பரைத் தாங்கோ, நானே கதைக்கிறன்.