கோல்ஃப் கேள்வி பதில்: பனி விழுந்த பிறகு என்ன பயிற்சி?

மூன்று வருடமாக விளையாடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 22. போன பனிக்காலம் முழுவதும் வாரம் இரண்டு தடவை, உள்ளரங்கில் திரையை நோக்கி அடிக்கும் சிமுலேட்டர் நிலையத்துக்குப் போய் அடித்தேன். திரையில் ஏழாம் நம்பர் அயன் மட்டையால் அடித்த பந்து 150 யார்டு போனது. ஏப்ரலில் மைதானத்தில் 130 தாண்டவில்லை. பாதி அடிகளில் மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் குத்துகிறது. இந்த முறை என்ன செய்யட்டும்?
– வாசகர், ஸ்காபரோ

தொலைந்துபோன அந்த 20 யார்டில் ஒரு பங்குக்கு நீங்கள் பொறுப்பில்லை. சிமுலேட்டர் காட்டும் தூரம் பெரும்பாலும் இதமான, காற்றில்லாத நாளுக்கான கணக்கு. ஏப்ரல் காலையில் ஐந்து டிகிரி இருக்கும்போது, 25 டிகிரி நாளைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். பந்தின் ரப்பர் உட்கருவும் குளிரில் இறுகிவிடுவதால் துள்ளும் வேகம் குறைகிறது. உடம்பில் இரண்டு சட்டையும் ஒரு ஜாக்கெட்டும் இருந்தால் தோளும் முழுதாகத் திரும்பாது. வசந்தத்தின் முதல் வாரங்களில் ஏழாம் நம்பர் மட்டைக்குப் பதிலாக, இன்னும் தூரம் போகும் ஆறாம் நம்பரை எடுங்கள். இதற்காக ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, மாற்ற வேண்டாம்.

மண்ணில் குத்துவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அதைப் பனிக்காலம் முழுவதும் உங்களிடமிருந்து மறைத்தது அந்தச் செயற்கைப் புல் பாய். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை இறங்கினாலும் பாய் அதைத் தடுக்காது. மட்டை வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுத்துவிடும், திரையிலும் நல்ல எண் வரும். ஈரமான ஏப்ரல் மண்ணில் அதே அடி அங்கேயே புதைந்துவிடும்.

பாயிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு துவாலையை மடித்து, பந்துக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். துவாலை அசையாமல் பந்து போக வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் பாயில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் ஸ்விங் செய்யுங்கள். மட்டை பாயைத் தொட்ட தடம் கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். கோட்டுக்கு முன்பே தொடங்கினால், வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உடல் எடை வலது காலைவிட்டு வரவில்லை. எடையை இடது காலில் வைத்து நின்று, அங்கிருந்து அசையாமல் அரை ஸ்விங் மட்டும் பழகுங்கள். டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அறை விளக்கைப் போட்டால் ஜன்னலே நிலைக்கண்ணாடியாகிவிடும். அதன் முன் நின்று மிக மெதுவாகச் செய்தால் இடுப்பு எங்கே நிற்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

எண்ணிக்கையைக் குறைக்கவும் தயங்காதீர்கள். காங்கிரீட் தரைமேல் விரித்த பாயில் நூறு நூறாக அடிப்பது முழங்கையின் உட்பக்கத்தைப் பதம் பார்த்துவிடும். அங்கே வலி தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். மேலும், நூறு பந்தும் ஒரே மட்டையால் அடித்தால் நாற்பதாவது பந்திலிருந்து கை தானாக அடிக்கும், மூளை வேலை செய்யாது. மைதானத்தில் ஒரே அடி இரண்டு தடவை வருவதே இல்லையே! டிரைவர் (நெடுந்தூர மட்டை), அடுத்து எட்டாம் நம்பர், அடுத்து வெட்ஜ் (குறுந்தூர மட்டை) என்று, ஒவ்வொரு அடிக்கும் புதிதாக இலக்கைப் பார்த்து நின்று அடியுங்கள். திரையில் வரும் எண்கள் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று. நவம்பரில் ஒரு பயிற்றுநரிடம் போய், ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் வாங்கி வாருங்கள். ஜூலையில் ஸ்விங்கில் கை வைக்க முடியாது. சனிக்கிழமை நண்பர்களோடு ஸ்கோர் எழுத வேண்டுமென்ற பயத்தில் உடம்பு பழைய வழிக்கே ஓடிவிடும். யாரும் ஸ்கோர் கேட்காத ஐந்து மாதங்கள் நமக்குக் கிடைக்கின்றன. அதையும் திரையில் தூரத்தைத் துரத்தியே பலர் செலவழித்துவிடுவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். டிரைவரை ஓங்கினால் மின்விளக்கு உடையும். சிமுலேட்டருக்குப் பணம் கொடுக்கவும் மனமில்லை. பனிக்காலத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, பிக்கரிங்

முடியும், சகோதரி. உங்களுக்குக் கிடைத்திருப்பது புட்டிங், அதாவது பந்தைத் துளைக்குள் உருட்டிவிடும் அடி, பழக அருமையான வீடு. ஒரு துளைக்கு இரண்டு புட் என்றாலே பதினெட்டுத் துளைக்கு 36 அடி ஆகிவிடுகிறது. ஓர் ஆட்டத்தை 95 அடிகளில் முடிப்பவருக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் புட்டிங்குக்குப் பாடம் எடுப்பவர்கள் மிகக் குறைவு.

வன்பொருள் கடையில் மூன்றடி நீள இரும்பு அடிக்கோல் ஒன்று வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான அகலம் போதும். கம்பளத்தின் மேல் அதைப் போட்டு, ஒரு முனையில் பந்தை வைத்து, மறு முனை வழியாக வெளியேறும்படி புட் செய்யுங்கள். பந்து இடது பக்கம் விழுந்தால் புட்டரின் முகம் மூடியிருக்கிறது. வலது பக்கம் விழுந்தால் திறந்திருக்கிறது. (இடது கைக்காரருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) அந்த நீளத்தில் பந்து கோலைவிட்டு விழ ஏறக்குறைய ஒரு டிகிரி கோணல் போதும். அதே ஒரு டிகிரி, மூன்று மீட்டர் தூரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விலகும். துளையின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு 54. கோலின் கடைசிவரை உருண்ட பந்து, சமதளத்தில் மூன்று மீட்டர் புட்டில் துளையின் விளிம்பையாவது தொட்டுவிடும் என்று இதற்கு அர்த்தம். எனக்குத் தெரிந்த பயிற்சிகளில் இவ்வளவு நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லும் இன்னொன்று இல்லை.

வேகத்தை மட்டும் வீட்டில் பழக வேண்டாம். கம்பளத்தின் வேகம் வேறு, கிரீனின் (துளையைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையின்) வேகம் வேறு. கையில் தவறான அளவு ஏறிவிடும்.

பத்து நிமிடம் புட்டிங் முடிந்ததும், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு மட்டையைத் தோள்களுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் மேல்முதுகை இரு பக்கமும் திருப்புங்கள். ஏப்ரலில் முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும்.

மட்டைப் பையைப் பனிக்காலத்தில் காரின் டிக்கியில் வைக்கலாமா?
– வாசகர், மார்க்கம்

வேண்டாம். வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிடிகளைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவித் துடையுங்கள். கழுவிய பிறகும் பளபளவென்று வழுக்கினால் மாற்றிவிடுங்கள். கடைகளில் கூட்டம் இல்லாத ஜனவரி இதற்கு நல்ல மாதம்.

டிசம்பரில் எட்டு டிகிரி வெயில் அடித்தால் சில மைதானங்களைத் திறக்கிறார்கள். போகலாமா? அந்த ஸ்கோர் ஹேண்டிகேப்புக்குச் செல்லுமா? பிப்ரவரியில் புளோரிடா போகும் திட்டமும் இருக்கிறது.
– வாசகர், பிரம்டன்

தாராளமாகப் போங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். உறைபனி படிந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் உடைந்து, நடந்த இடமெல்லாம் காலடித் தடமாகக் கருகிப்போகும். பனி விலகும்வரை காத்திருக்கச் சொன்னால் ஊழியர்களிடம் சண்டை போடாதீர்கள். தற்காலிக கிரீன்களில் புட் தவறினால் மனம் தளராதீர்கள். பந்தைச் சூடாக்கும் கருவியைச் சிலர் பரிசளிக்கிறார்கள். விளையாட்டு விதி 4.2 வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அனுமதிக்காது.

ஸ்கோர் செல்லாது. ஒன்ராறியோவில் ஹேண்டிகேப்புக்கான பருவம் ஏப்ரல் 15 முதல் அக்டோபர் 31 வரை. அதற்கு வெளியே இங்கே விளையாடுவதெல்லாம் மனமகிழ்ச்சிக்குத்தான். அதனால்தான் டிசம்பர் ஆட்டத்தைப் பரிசோதனைக்குப் பயன்படுத்தச் சொல்கிறேன். மூன்றே மட்டைகளோடு போங்கள், புதிய திருத்தத்தை உண்மையான மண்ணில் பாருங்கள்.

புளோரிடா கதை வேறு. அங்கே ஆண்டு முழுவதும் பருவம் திறந்திருக்கிறது. அங்கே விதிப்படி ஆடிய ஸ்கோரை, நல்லதோ கெட்டதோ, நீங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த எட்டைக் கொண்டே ஹேண்டிகேப் கணக்கிடப்படுவதால், மூன்று மாதம் மட்டையைத் தொடாத கையோடு ஆடிய ஒரு மோசமான ஆட்டம் பெரிய சேதம் செய்துவிடாது. பயப்படாமல் பதிவு செய்யுங்கள்.