முகம் உப்புகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: மூட்டுவாதத்துக்காக அம்மா இரண்டு மாதமாகத் தினம் 20 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முகம் உப்பிவிட்டது, ராத்திரி தூக்கமில்லை, எந்நேரமும் பசி. 'இந்தச் சனியனே வேண்டாம்' என்று முந்தாநாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. முதலில் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டருக்கு போன் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே வேலையைச் செய்யும் மருந்து வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால், நமக்கென்ன வேலை என்று சுரப்பி தூங்கிப் போய்விடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே எழுந்துகொள்ளாது. கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் போனெல்லாம் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். டோஸை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதற்கு மாதங்கள்கூட ஆகும்.

1948இல் மூட்டுவாதக்காரர் ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற இதே வகை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், நடக்க முடியாமல் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இலேயே நோபல் பரிசும் வந்துவிட்டது. பக்கவிளைவுகளின் முழுக்கணக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல மருந்துதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற மருந்து இல்லை.

முக வீக்கம் டோஸ் குறையக் குறைய வடிந்துவிடும். தூக்கத்துக்கு ஒரு வழி: டாக்டர் வேறுமாதிரி சொல்லாதவரை, முழு டோஸையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள், உடம்பின் சொந்தக் கார்ட்டிசாலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையை ஏற்றலாம், அதைப் பார்க்கும்போது வெறும் வயிற்று அளவோடு நின்றுவிடாதீர்கள். காலையில் மாத்திரை போடுபவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் அது ஏறும், வெறும் வயிற்றில் நல்ல பிள்ளையாகக் காட்டும். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். எலும்புத் தேய்மானம், கண்புரை இரண்டையும் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டியிருக்கலாம். தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம், அதனால் லேசாகக் காய்ந்தாலும் அலட்சியம் வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் சரி, ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இதையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமா? ஜிம்மில் போடுகிற ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றா?

பதில்: ஐந்து நாளில் சுரப்பி அந்த அளவுக்குத் தூங்கிவிடாது, சொன்ன நாள் முடிந்ததும் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். பாதியில் தேவலாம்போல இருக்கிறதென்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள், இழுப்பு திரும்பிவிடும். ஜிம் சமாசாரம் வேறு, அது ஆண் ஹார்மோன் வகை. இதைச் சாப்பிட்டால் தசை ஏறாது, நாள்பட்டால் இருப்பதும் இளைக்கும்.