போர் விமானப் பராமரிப்பு உத்திகளை ஒப்பிடக் கணினி உருவகப்படுத்தல் (பழுதும் பழுதுநீக்கமும் நடப்பதைக் கணினியில் போலச் செய்து பார்ப்பது) உண்மையில் தேவையா, சராசரிக் கணக்கு போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு விமானம் தரையில் நிற்கும் காலத்தில் கணிசமான பகுதி பழுது நீக்குவதில் செலவாவதில்லை. உதிரி பாகத்துக்காகவும், ஆளுக்காகவும், சோதனைக் கருவிக்காகவும் காத்திருப்பதிலேயே கழிகிறது. இந்தக் காத்திருப்பு நேர்விகிதத்தில் வளர்வதும் இல்லை. பழுதுகள் வந்து சேர்வதும் அவற்றை நீக்கும் நேரமும் தற்செயலாக அமையும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, ஒரே ஒரு பழுதுநீக்கும் மேடை 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், சராசரிக் காத்திருப்பு ஒரு பழுதை நீக்கும் நேரத்தைப் போல 4 மடங்கு. அதுவே 90 சதவீதமானால் 9 மடங்கு. தளத்திலேயே பழுது பார்ப்பதா, மையப் பணிமனைக்கு அனுப்புவதா என்ற கேள்வியின் விடை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க விமானப்படையும் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் 1960களிலேயே எல்காம் என்ற உருவகப்படுத்தல் மாதிரியை உருவாக்கியதற்கும், பறப்புத் திட்டம், ஆள்பலம், உதிரி பாகம், கருவி ஆகியவை ஒன்றையொன்று பாதிப்பதைத் தனித்தனிச் சூத்திரங்களால் பிடிக்க முடியாததே காரணம்.

அடுத்து, பழுது எப்படி வருகிறது என்பதை மாதிரிக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நவ்லனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் அளித்த அறிக்கையில், பயணிகள் விமானங்களின் பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயனில்லை என்று காட்டினார்கள். தேய்மானமே இல்லாத பாகத்துக்குத் தேய்மான வளைவை, அதாவது வயது கூடக்கூடப் பழுதும் கூடும் என்ற கணக்கை, கொடுத்துவிட்டால், பறப்பு மணிக்கணக்கில் மாற்றும் உத்தி போலியாக வென்றுவிடும். எனவே மாதிரியைக் கணினியில் ஓட்டத் தொடங்கும் முன் பழுதுப் பதிவுகளோடு அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு விமானத்தில் கழற்றியதை இன்னொன்றில் பொருத்தும் வழக்கத்தையும், அதற்காகும் இரட்டை வேலையையும் மாதிரியில் சேர்த்தே எழுதுங்கள்.

ஒப்பிடும்போது இரண்டு உத்திகளுக்கும் பழுது எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரே தற்செயல் எண் தொடர்களைக் கொடுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே பழுதுகளைச் சந்திக்கும், வேறுபாடு உத்தியால் வந்ததா, தற்செயலால் வந்ததா என்பது தெளிவாகும். ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்த முடிவை நம்ப வேண்டாம்.

எதை அளப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சராசரித் தயார்நிலை (பறக்கத் தயாராக உள்ள விமானங்களின் விகிதம்) சமமாக இருக்கும் இரண்டு உத்திகளில் ஒன்று, பறப்பு அடர்த்தியாக இருக்கும் முதல் வாரத்திலேயே குலைந்துபோகலாம். ஆகவே தேவையான எண்ணிக்கைக்குக் கீழே விமானங்கள் இறங்கிய நாள்கள் எத்தனை என்பதையே நான் முதலில் பார்ப்பேன். செலவை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.