சின்னத்துரையைத் தேடி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அம்மாவின் பூட்டிக்குத் தகப்பன் ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையாம், கோப்பிக் காலத்து ஆள். அவருடைய பெயரில் பாதிதான் தெரியும். தோட்டத்துக்கும் அம்மா சொல்கிற தமிழ்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அந்த மனிதர் யார் என்று அறிய எனக்கு ஆசை, அம்மாவோ கிளறாதே என்கிறார். கொழும்பில் இருந்துகொண்டே தேட வழி உண்டா?

ச., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ச.,

வழி உண்டு. அதற்கு முன் உங்கள் கடிதத்தில் சும்மா எழுதிவிட்டுப் போன ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: சின்னத்துரை. நாலு தலைமுறை வாய்வழியாக வந்த கதையில் எது மாறினாலும் இந்தச் சொல் மாறியிருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்குப் பெரியதுரை யார், சின்னத்துரை யார் என்பது அன்றாடம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சின்னத்துரை என்றால் சம்பளத்துக்கு வந்த உதவியாள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன். தோட்டம் அவருடையதாக இருந்திருக்காது. அப்படியென்றால் காணிப் பதிவேடுகளிலும், அரசாங்கம் காடு விற்ற கோவைகளிலும் அவர் பெயர் வராது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கோப்பித்துரையைத் தேடி நாலு மாதம் காணிக் கோவைகளைப் புரட்டினேன், கடைசியில் அவருக்கு ஒரு பேர்ச் நிலம்கூடச் சொந்தமாக இருக்கவில்லை. அந்த நாலு மாதம் உங்களுக்கும் போக வேண்டாம்.

நீங்கள் தொடங்க வேண்டியது அந்தக் காலத்து இலங்கைத் தகவல் கையேடான பெர்குசன் டைரக்டரியில். தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், மேற்பார்வையாளர், உதவியாளர் என்று அதில் வரிசையாக இருக்கும். பழைய டைரக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலும் உண்டு, தொழிலாளர்கள் ஆங்கிலப் பெயரைச் சொல்லாமல் தங்கள் பெயரையே சொன்னதால் துரைமாருக்கு அது தேவைப்பட்டது. உங்கள் அம்மா சொல்கிற பெயர்தான் உங்கள் சாவி. பிலிப் குணவர்தன மாவத்தையில், பழைய ரீட் அவெனியூவில், தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. வாசகர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலோடு போங்கள். பூட்டி 1870களில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முந்திய ஐந்து வருடத்திலிருந்து பிந்திய பத்து வருடம் வரை ஒவ்வொரு பதிப்பாகப் பாருங்கள். பெயர் எந்த வருடம் முதலில் வருகிறது, எந்த வருடம் இல்லாமல் போகிறது என்பது இரண்டும் முக்கியம்.

இல்லாமல் போகிற வருடத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது, அடுத்த பதினைந்து வருடத்தில் மலைநாட்டுக் கோப்பியே அழிந்துபோனது, 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. வேலை போன சின்னத்துரைமார் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள் பெயர்களைச் சிலோன் ஒப்சேவர் போன்ற பத்திரிகைகள் போட்டன. இங்கேயே இறந்திருந்தால் தேவாலய அடக்கப் பதிவேட்டில் இருப்பார். ஜே. பென்ரி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பையும் ஒரு தடவை பாருங்கள்.

சிலருக்கு இந்தத் தடம் நீளமாக இருக்கும். இலங்கைத் தேயிலைக்கு முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1852இல் பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து உதவியாளாக வந்தவர்தான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார், 1892இல் இறந்து கண்டி மகியாவையில் அடக்கமானார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை உறவினர்கள் பத்திரமாக வைத்திருந்ததால், இன்று எடின்பரோவில் அவரை ஒரு மனிதராக வாசிக்க முடிகிறது. உங்களுடையவருக்கு அப்படிக் கடிதங்கள் கிடைக்கும் என்று நம்பிக்கை தர மாட்டேன். இரண்டு மூன்று வரி கிடைத்தாலே பெரிய விஷயம்.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்று. கடிதம் முழுக்கத் துரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், பூட்டியின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு என்ன பெயர்? பிறப்புப் பதிவுச் சட்டம் 1867இலேயே வந்துவிட்டது, ஆனாலும் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் பதிவாகவில்லை, பதிவானாலும் கல்யாணமாகாத தாய் என்றால் தகப்பன் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் வேறு கதை. தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1850களிலிருந்தே தோட்டங்களில் வேலை செய்தது, அந்தப் பதிவேடுகளில் தாய்மாரின் பெயர்கள் உண்டு. ‘துண்டு’ என்ற தோட்டத்துக் காகிதங்களை நம்பிப் போக வேண்டாம். ஆட்களைத் திரட்டி மேய்த்த ஒரு கங்காணியின் கூட்டம் முழுவதும் எவ்வளவு கடன் பட்டிருக்கிறது என்று துரை எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தில் இருப்பது தொகை, ஆட்கள் இல்லை. 1921இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை அப்படித்தான் மனிதர்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா என்பதை எந்தக் கோவையும் சொல்லாது. உங்கள் அம்மா கிளறாதே என்பது இதனால்தான் இருக்கலாம். அவர் ஏதோ கேட்டு வளர்ந்திருக்கிறார், அது நல்ல கதையாக இல்லாமல் இருக்கலாம். அவரை மீறிச் சுவடிகள் கூடத்துக்குப் போகாதீர்கள். ஒரு பின்னேரம் பக்கத்தில் உட்கார்ந்து துரையை விட்டுவிட்டு அந்தத் தாயைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன பெயர், கடைசியில் யாரோடு இருந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று. அவர் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சொல்ல மாட்டேன் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தோட்டத்தின் தமிழ்ப் பெயரை மட்டும் அம்மா உச்சரிக்கிற மாதிரியே எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் நான் சுவடிகள் கூடத்துக்குப் போகிறேன், டைரக்டரிப் பட்டியலில் அதைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.