ஒட்டுக்குக் கீழே

வணக்கம் சார்,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறேன். மனசும் ஒரு தோட்டம்தான் என்று நம்பி இரண்டு வருடமாக அதையும் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறேன். 'பொய்ம்மையாம் களையை வாங்கி' என்ற அப்பர் வரியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். சாதி பேசும் வாட்ஸ்அப் குழுக்களை விட்டு வெளியே வந்தேன். கோபம் கிளப்பும் செய்திகளைப் பார்ப்பதில்லை.

போன மாதம் தங்கை போன் செய்தாள். கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது, 'எந்த ஆளுங்க?' பத்து வருடமாக நண்பர்களிடம் சமத்துவம் பேசியவன் நான். அவள் போனை வைத்துவிட்டாள். அதோடு பேச்சில்லை. அப்போது நான் களையெடுத்ததெல்லாம் பொய்யா சார்?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

'எந்த ஆளுங்க?' என்பது நம் பக்கம் எவ்வளவு சாதாரணமாக வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஊர்ப் பேரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், அப்பா பேரைக் கேட்பார். கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

களையைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் பிடுங்கியதை எல்லாம் வரப்பில் வீசுவதில்லை. தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் மடிக்குப் போகும். ராத்திரி களிக்கு அதுதான் கடைசல். கோபம் கிளப்பும் செய்திகளை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். சாதி விட்டுக் கல்யாணம் செய்யும் பெண்களுக்கு நம் மாவட்டங்களில் என்ன நேர்கிறது என்பதும் அந்தச் செய்திகளில்தானே வந்தது? கீரையையும் சேர்த்து வீசிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமாக, உங்கள் விஷயத்துக்குக் களை என்ற உவமையே சரிப்படவில்லை. களை எங்கிருந்தோ காற்றிலும் எருவிலும் வந்து விழுவது. உங்கள் வாயில் வந்தது அப்படி வந்ததில்லை.

எங்கள் நிலம் போச்சம்பள்ளிப் பக்கம். 2013-இல் சந்தூரிலிருந்து செந்தூரா மா ஒட்டுக்கன்றுகள் வாங்கி முப்பதடிக்கு ஒன்றாக நட்டோம். ஒட்டுக்கன்று எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்கும். மாங்கொட்டையை முளைக்க வைத்து வளர்ந்த நாற்றின் தலையை வெட்டி, அதில் நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியைச் செருகிக் கட்டுவார்கள். மேலே செந்தூரா, கீழே எந்த மரத்துக் கொட்டையோ. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு முண்டு இருக்கும். அதற்குக் கீழே துளிர் விட்டால் உடனே கிள்ள வேண்டும். விட்டால் அது நேராக, வேகமாக வளர்ந்து மேலே இருப்பதை நோஞ்சானாக்கிவிடும்.

2016-இல் மழை பொய்த்தது. 2017 கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அப்படியும் பாதிக் கன்றுகள் போயின. கிணற்றடியில் ஒன்று மட்டும் காய்ந்து, பிறகு அடியிலிருந்து துளிர்த்து எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவேன், எப்பேர்ப்பட்ட வறட்சியைத் தாண்டிய மரம் பாருங்கள் என்று. 2022-இல் அது முதல் காய் காய்த்தது. எலுமிச்சை அளவில் சின்னது. கடித்தால் பல்லெல்லாம் நார், புளிப்பில் கண் மூடிக்கொள்ளும். சந்தூரிலிருந்து ஒட்டுக்கட்டுகிற பெரியவர் வந்து ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "இது செந்தூரா இல்லீங்க. ஒட்டு அப்பவே செத்துப்போச்சு. நீங்க இத்தனை வருசமா தண்ணி ஊத்துனது கொட்டைச்செடிக்கு."

அவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த வருடமே இன்னொன்றும் நடந்திருந்தது. களையெடுக்க வந்த அம்மா ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சமையலறைக்குள் போனேன். கைக்கு எட்டும் இடத்தில் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. என் கை அவற்றைத் தாண்டிப்போய், வாசல் மாடத்தில் என் பாட்டி காலத்திலிருந்து தனியாக இருக்கும் பழைய சொம்பை எடுத்தது. நான் யோசிக்கவே இல்லை. கைதான் போனது. சாதிக்கு எதிராக நாலு புத்தகம் எழுதியவனின் கை.

நீங்கள் கேட்டது, எல்லாம் பொய்யா என்று. இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நல்ல பழம் தருகிற ஒட்டுமரம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கொட்டையின் வேரில்தான் நிற்கிறது. அதனால் பழத்தை யாரும் போலி என்று சொல்வதில்லை. நீங்கள் படித்தும் பழகியும் கட்டிக்கொண்ட நம்பிக்கை உங்களுடையதுதான். அப்பா, தாத்தா, தெரு, ஊர்த் திருவிழா எல்லாம் சேர்ந்த வேர் கீழே இருக்கிறது, அதைப் பிடுங்கினால் மரமே இருக்காது. வறட்சி வந்தால் அது துளிர்க்கும். தங்கையின் போன் உங்களுக்கு அந்த வறட்சி.

மேசைக்கு மேலே ஒட்டிய அந்தப் பாட்டை இன்னும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். களை வாங்கி, பொறை என்ற நீர் பாய்ச்சிய பிறகு, 'தம்மையும் நோக்கிக் கண்டு' என்கிறார். அதற்கு அப்புறம்தான் வேலி. நீங்கள் குழுக்களை விட்டு, செய்தியை நிறுத்தி, வேலியை முதலில் போட்டுவிட்டீர்கள். உள்ளே என்ன துளிர்க்கிறது என்று பார்க்க ஆளில்லை. கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் அப்பர். சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பேர் வாங்கி, பிறகு திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்தவர். உங்களுக்குத் தங்கையிடம் போவதற்கு அவ்வளவு தூரம்கூட இல்லை.

மனசைச் சுத்தம் செய்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், உங்கள் மனத்தோட்டத்தைப் பற்றி அவளிடம் பேசவும் வேண்டியதில்லை. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைக் கேளுங்கள்: பையன் பேர் என்ன, எப்படிப் பழக்கம், வீட்டில் சொல்லும்போது நான் கூட வரட்டுமா.

அந்தக் கிணற்றடி மரத்தை நான் வெட்டிப் போடவில்லை. இடுப்பு உயரத்தில் அறுத்து, புதுத் துளிர்களில் அதே பெரியவரை வைத்து மறுபடி ஒட்டுக் கட்டினோம். ஏழில் நான்கு பிடித்திருக்கின்றன. மழை பெய்த மறுவாரம் அடியில் செக்கச்செவேலென்று கொட்டைத்துளிர் வந்து நிற்கும், பார்க்க அழகாகவே இருக்கும். கத்தியோடு போவேன். சொம்பு இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

மே மாதம் மற்ற மரங்களில் செந்தூரா பழுத்திருக்கும். தங்கையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பையனும் வந்தால் ஒரு கூடை அதிகமாகப் பறித்து வைக்கிறேன்.

அன்புடன்