மிக்கோ, ஓ-சூல் இருவரும் பாலடின்தானே, அதாவது தெய்வ சக்தி பெற்ற அறவீரர்கள்; ஏன் ஒருவரை மட்டும் கொண்டாடுகிறார்கள்?

ரிச் பர்லியூ 2003-இல் தொடங்கிய ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ வெப்காமிக்கில் வரும் இருவர். குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் டி அண்ட் டி (‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டு) செட்டுக்குள் இந்தச் சண்டைதான் ஓடும்.

காமிக் பின்பற்றும் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பு விதிப்படி, பாலடின் தெரிந்தே தீமை செய்தால் சக்தி போய்விடும். மிக்கோ ஒட்டுக்கேட்ட பேச்சை வைத்து, தன் பிரபு ஷோஜோவைத் துரோகி என்று தானே முடிவுகட்டி, விசாரணையே இல்லாமல் வெட்டிச் சாய்க்கிறாள். தெய்வங்கள் அங்கேயே சக்தியைப் பறிக்கின்றன. அப்போதும் பழி அடுத்தவர் மேல்தான்!

ஓ-சூல் எதிரியிடம் கைதி. அத்தனை சித்திரவதைக்கு நடுவிலும், இருட்டில் மறைந்திருக்கும் அரக்கனிடம் மரியாதையாகப் பேசி நட்பாகிவிடுகிறார். பிரசங்கமெல்லாம் கிடையாது. ரசிகர்கள் விழுந்தது அங்கேதான்.

ஆனாலும் மிக்கோவை வெறும் வில்லி என்பதை நான் ஏற்கமாட்டேன். எழுத்தில் அவள்தான் சிக்கலான பாத்திரம்.