மடிப்புக்கு அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்

கேள்வி: நானும் இரண்டு தோழிகளும் கம்ப்யூட்டரில் சர்ரியலிச கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டிக் கனவு போல விசித்திரமான படம், செய்கிறோம். ஒருவர் கொஞ்சம் செய்து ஃபைலை அடுத்தவருக்கு அனுப்புவார், அவர் மேற்கொண்டு செய்வார். நான்கு படம் முடித்தாயிற்று. நான்கும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல இருக்கின்றனவே தவிர, விசித்திரமாக இல்லை. எங்கே தப்பு?

பதில்: ஃபைலை முழுசாக அனுப்புகிறீர்களே, அங்கேதான். முன்னவர் செய்ததைப் பார்த்துவிட்டால் நம் கை சும்மா இருக்காது. அவர் மீன் வைத்திருந்தால் நாம் தண்ணீர் ஊற்றுவோம். இல்லையென்றால், வேண்டுமென்றே சம்பந்தமில்லாமல் ஒரு சைக்கிளைத் தூக்கிப் போடுவோம். இரண்டுமே யோசித்துச் செய்வதுதான்.

இந்தப் பழக்கத்தை ஏமாற்றத்தான் 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் நண்பர்கள் கூட்டம் ஒரு விளையாட்டு ஆடியது. ஒருவர் ஒரு சொல்லை எழுதி, தாளை மடித்து, அடுத்தவரிடம் தள்ளுவார். அப்படிப் பிறந்த வாக்கியம்தான் ‘அருமையான பிணம் புது ஒயினைக் குடிக்கும்’. அந்தப் பிணமே விளையாட்டுக்குப் பெயராகிவிட்டது. அப்புறம் அதையே படத்திலும் ஆடினார்கள். ஒருவர் தலை, ஒருவர் உடம்பு, ஒருவர் கால். மடிப்பைத் தாண்டி இரண்டு மூன்று கோடு மட்டும் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தொடர வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது அந்த மடிப்பு. நானும் இரண்டு நண்பர்களும் செய்வதைச் சொல்கிறேன். ஆளுக்கு 2400 பிக்சல் அகலம், 1200 பிக்சல் உயரம். என் பங்கு முடிந்ததும் அடியிலிருந்து 60 பிக்சலை மட்டும் வெட்டித் தனிப் படமாக அனுப்புவேன். அடுத்தவர் அந்தப் பட்டையைத் தன் கேன்வாஸின் உச்சியில் வைத்து, அசையாமல் லாக் செய்துவிட்டு, அதிலிருந்து கீழே இறங்குவார். ஒருமுறை நான் அனுப்பிய பட்டையில் தெரிந்தது ஒரு பியானோவின் மூன்று கால்கள் மட்டும். நண்பர் அவற்றைக் கொக்கின் கால் என்று எடுத்துக்கொண்டு, கீழே முட்டியும் விரலும் வைத்துவிட்டார். மூன்று கால் கொக்கு அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது காலைத் தெர்மாமீட்டராக மாற்றினார். மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்திருந்தால் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

இன்னொன்று. லேயரின் (ஃபைலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களில் ஒன்று) கண் சின்னத்தை அணைத்துவிட்டு ‘மறைத்தாயிற்று’ என்று முழு ஃபைலையும் அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன். என் பங்கில் ஒரு குடை இருந்தது. திரும்பி வந்த படத்தில் ஜோராக மழை பெய்தது. பார்க்கவே இல்லை என்று அந்த நண்பர் இன்றுவரை சாதிக்கிறார்.

கேள்வி: தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. சேர்த்தால் ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1929 முதல் 1934 வரை வெளியிட்ட மூன்று கொலாஜ் நாவல்களின் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். பறவைத் தலை வைத்த மனிதன் வரவேற்பறையில் நிற்பான், ஒட்டு தெரியவே தெரியாது. காரணம் கத்தரிக்கோல் மட்டுமல்ல. அவர் வெட்டியது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் அச்சுச் செதுக்குப் படங்களை, அதாவது பலகையிலோ தகட்டிலோ கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்டவற்றை. தலையும் உடம்பும் சுவரும் ஒரே மாதிரி நெருக்கமான கோடுகளால் ஆனவை. அதனால் நீங்கள் மூவரும் எதைப் பற்றிப் பேசிக்கொள்ளாவிட்டாலும், எந்த வகைப் படம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எல்லாம் பழைய செதுக்குப் படங்கள், அல்லது எல்லாம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் சேர்த்துத்தான். இடப்பக்கம் என்றால் மூவருக்கும் இடப்பக்கம்.

நிழலைத் தனி லேயரில், கீழே இருப்பதைக் கருமையாக்கிக் காட்டும் மல்டிப்ளை முறையில் போடுங்கள். பொருள் தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தியாகவும் கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கட்டும். எல்லா இடத்திலும் ஒரே மங்கல் என்றால் பொருள் மிதக்கும். ஓரங்களை அழிப்பானால் தேய்க்காமல் மாஸ்க் போட்டு மறையுங்கள், நாளைக்கு வேண்டுமென்றால் திரும்பக் கிடைக்கும். கடைசியில் மூன்று பங்கையும் சேர்த்தபின், மொத்தத்தின் மேல் மெல்லிசாக ஒரே கிரெயின், அதாவது பொடிப் புள்ளிகள். அதற்கு முன்னால் யாரும் தனியாகக் கிரெயின் போட வேண்டாம்.

கேள்வி: நான் படம் செய்யும் மென்பொருள் கிம்ப், நண்பருடையது ஃபோட்டோஷாப். ஃபைல் மாறும்போது ஏதாவது காணாமல் போகிறது.

பதில்: போகத்தான் செய்யும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் கிம்ப்பில் திறக்கும், ஆனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் போன்றவை சரியாக வந்து சேராது. மூலஃபைல் அவரவரிடமே இருக்கட்டும். கைமாறுவது பிஎன்ஜி மட்டும். ஜேபெக் வேண்டாம், திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் தேயும்.

கேள்வி: முடித்த படத்தில் யார் பெயரைப் போடுவது?

பதில்: மூவர் பெயரையும். எந்தப் பங்கு யாருடையது என்று எழுதாதீர்கள். நாங்கள் எழுதவில்லை. அந்தத் தெர்மாமீட்டர் தன் யோசனை என்று எங்கள் மூன்றாமவர் இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.